பால் பொங்குனதுக்கெல்லாம் பிரசங்கமா?

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயசு, தூத்துக்குடி பக்கம், சிஎஸ்ஐ சபை. ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல கிளார்க் வேலை. பையனுக்கு 9, பாப்பாவுக்கு 4. வீட்டுக்காரருக்கு ஷிப்ட் வேலை, அத்தை எங்ககூடதான் இருக்காங்க. கல்யாணத்துக்கு முன்னாடி தினமும் காலைல ஒரு மணி நேரம் தனிஜெபம் பண்ணுவேன், பாப்பா பிறந்ததுல இருந்து அது சுத்தமா போச்சு, பைபிளத் திறந்தா ரெண்டு வசனத்துல தூக்கம் சொக்குது. சபை அக்காமாரெல்லாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல பாத்திரம் விளக்கும்போது கர்த்தர் இத கத்துக்குடுத்தாரு, துணி காயப்போடும்போது அத கத்துக்குடுத்தாருன்னு போடுறாங்க, எனக்கு பாத்திரம் விளக்குனா பாத்திரந்தான் தெரியுது. சரி நாமளும் பிள்ளைங்களுக்கு அப்படி சொல்லிக்குடுப்போம்னு போன வாரம் பால் பொங்கி வழிஞ்சப்ப, இப்படித்தான் தம்பி கோபமும், அடக்கலன்னா எல்லாம் வீணாப்போகும்னு சொன்னேன். "எல்லாத்துக்கும் பிரசங்கம் பண்ணாதீங்கம்மா"ன்னுட்டான். ராத்திரி குடும்ப ஜெபமும் சண்டைலதான் முடியுது. என் ஆவிக்குரிய வாழ்க்கை செத்துப்போச்சா? குடும்ப வாழ்க்கைல இருந்து பாடம் எடுக்குறது எப்படி? (பேர் போட வேண்டாம் அக்கா.)

பதில்: தங்கச்சி, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், உங்க பையன் சொன்னது சரி. கோச்சுக்காதீங்க. அன்னைக்கு அடுப்ப பாத்துக்கோன்னு சொல்லிட்டுப் போனது அவன்கிட்டதானே? நீங்க எழுதல, ஆனா இருபது வருஷமா குடும்பங்கள உக்கார வச்சுப் பேசுறேன், பால் பொங்குன வீட்ல பாடம் தனியா வராது, திட்டுக்கு வால் மாதிரிதான் வரும். "ஒரு வேலை சொன்னா செய்யத் தெரியாதா, இப்படித்தான் கோபமும்..."னு நீங்க ஆரம்பிச்சப்பவே அவன் காதுல விழுந்தது திட்டு மட்டுந்தான், கர்த்தர் பேரச் சொல்லி இன்னொரு குட்டு சேத்து விழுந்துச்சு, அவ்வளவுதான். அதுவும் கோபத்தப் பத்தின பாடத்த கோபமா இருக்கிற அம்மா சொன்னா ஒன்பது வயசுப் பையனுக்கு சிரிப்புகூட வந்திருக்கும், நல்லவேளை சிரிக்கல.

நானும் இத நல்லா பண்ணவதான். என் மூத்தவ எட்டு வயசா இருக்கும்போது, ஷூவ வாசல்ல கழட்டிப் போட்டதுக்கு ராத்திரி குடும்ப ஜெபத்துல வேணும்னே எபேசியர் 6 எடுத்து அவளையே வாசிக்கச் சொன்னேன். "பிள்ளைகளே, உங்கள் பெற்றாருக்கு"ன்னு ஆரம்பிச்சு மூணு வசனம் நல்ல பிள்ளையா வாசிச்சா, போதும் நிறுத்துன்னேன், அவ நிறுத்தல, நாலாவதையும் வாசிச்சுட்டா, "பிதாக்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்". வாசிச்சுட்டு தலைய நிமுத்தி "இது அப்பாவுக்கு மட்டுமாம்மா?"ன்னு கேட்டா. அவ அப்பா பாட்டுப் புஸ்தகத்த மூஞ்சிக்கு மேல தூக்கிக்கிட்டாரு. அன்னைக்கு ஜெபத்த யாரு முடிச்சாங்கன்னுகூட எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா வசனத்த பிரம்பு மாதிரி எடுத்தா அது ரெண்டு பக்கமும் அடிக்கும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

சரி, உங்க கேள்விக்கு வர்றேன். பாடம் "எடுக்குறது" எப்படின்னு கேட்டிருக்கீங்கல்ல, அந்த வார்த்தைலதான் எனக்கு இடிக்குது. கரும்புல சாறு எடுக்குற மாதிரி ஒவ்வொரு சம்பவத்தையும் பிழிஞ்சு ஒரு டம்ளர் பாடம் எடுத்து உடனே யாருக்காவது குடுத்துறணும்னு ஒரு அவசரம் இப்ப சபைகள்ல வந்துருக்கு, ஸ்டேட்டஸ் வந்தபிறகு ரொம்ப. அந்த அக்காமார நான் குத்தம் சொல்லல, சிலருக்கு நிஜமாவே அப்படித் தோணும். ஆனா இயேசு இத எப்படிப் பண்ணாருன்னு பாருங்களேன்.

லூக்கா 3:23 படி அவர் ஊழியம் ஆரம்பிக்கும்போது வயசு ஏறக்குறைய முப்பது. அதுவரைக்கும் நாசரேத்துல ஒரு தச்சன் வீடு. மாற்கு 6:3ல ஊர்க்காரங்க யாக்கோபு, யோசே, யூதா, சீமோன்னு நாலு சகோதரங்க பேரச் சொல்றாங்க, சகோதரிகளும் இருக்காங்கன்னு சொல்றாங்க (கத்தோலிக்க நண்பர்கள் அது உறவுக்காரப் பிள்ளைங்கம்பாங்க, அந்த விவாதத்துக்கு நான் வரல, எப்படிப் பாத்தாலும் ஆள் நடமாட்டம் உள்ள வீடு). அந்த முப்பது வருஷத்துல அவர் ஒரு பிரசங்கம் பண்ணதா சுவிசேஷத்துல இல்ல, பன்னிரண்டு வயசுல தேவாலயத்துல உக்காந்து கேள்வி கேட்டதோட சரி. பேச ஆரம்பிச்சபிறகு வாயத் திறந்தா வீடுதான் வருது. விளக்கக் கொளுத்தி வீட்டப் பெருக்கி காசு தேடுற பொம்பள. பழைய துணில புதுத்துண்டு வச்சுத் தச்சா கிழியும்ங்கிறது, இது ஊசி நூல் எடுத்த வீட்டுக்காரங்களுக்குத் தெரியுற விஷயம். சந்தைவெளில பிள்ளைங்க ஒண்ணுக்கொண்ணு "குழல் ஊதினோம் நீங்க கூத்தாடல"ன்னு கோச்சுக்குறது, நம்ம தெருவுல "போ, உன் டீம்ல நான் இல்ல"ன்னு கத்துறாங்களே, அதேதான். நடுராத்திரி அப்பம் கேட்டு வந்தவன்கிட்ட உள்ள இருக்கிறவன் சொல்றது இருக்கு பாருங்க லூக்கா 11:7ல, "கதவு பூட்டியாயிற்று, என் பிள்ளைகள் என்னோடேகூடப் படுத்திருக்கிறார்கள்". ஒத்தை அறை வீடு, எல்லாரும் வரிசையா படுத்திருக்காங்க, ஒருத்தர் எந்திரிச்சா சின்னது முழிச்சு அழும். உங்களுக்கு இத யாரும் விளக்கவே வேண்டாம், பாப்பாவ தூங்க வச்சுட்டு காலடிச் சத்தம் இல்லாம வெளிய வர்றவங்களுக்கு அந்த ஆளோட எரிச்சல் அப்படியே புரியும்.

புளித்தமாவு உவமைய எடுங்க, மத்தேயு 13:33. நம்ம பைபிள்ல "மூன்றுபடி மாவிலே அடக்கிவைத்தாள்"னு இருக்கு, நாம ஏதோ மூணு படின்னு சாதாரணமா வாசிச்சுட்டுப் போயிடறோம். அவங்க ஊர் கணக்குல அது கிட்டத்தட்ட 40 லிட்டர் மாவு, ஊருக்கே அப்பம் சுடலாம். ஆபிரகாம் வீட்டுக்கு மூணு பேர் வந்தப்ப சாராள பிசையச் சொன்னதும் இதே அளவுதான். கை எவ்வளவு வலிச்சிருக்கும்! அத அவர் சொல்றத பாத்தா, மாவு பிசையுற வீட்ல சும்மா வளந்தவர் மாதிரி இல்ல, பக்கத்துல உக்காந்து பாத்தவர் மாதிரி இருக்கு. பாத்துட்டு "அம்மா இதுல ஒரு பாடம் இருக்கு"ன்னு சொன்னாரான்னு எனக்கு சந்தேகந்தான். அதனால உங்களுக்கு பாத்திரம் விளக்கும்போது பாத்திரம் தெரியுதுன்னா அது குறை இல்ல தங்கச்சி, பாத்திரத்த ஒழுங்கா பாருங்க, போதும் இப்போதைக்கு.

பிள்ளைங்களுக்கு எப்பதான் சொல்லிக்குடுக்குறதுன்னு கேப்பீங்க. உபாகமம் 6:7 நமக்கு மனப்பாடம், வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும் வழியில் நடக்கிறபோதும் படுத்துக்கொள்ளுகிறபோதும் எழுந்திருக்கிறபோதும்னு, குடும்ப ஞாயிறு வந்தா ஆயர்மார் இதத்தான் எடுப்பாங்க. அதே அதிகாரத்துல 20வது வசனம் வரைக்கும் யாரும் போறதில்ல. அங்க, நாளைக்கு உன் குமாரன் இதெல்லாம் என்னன்னு கேட்டா, அப்ப நீ இப்படிச் சொல்லுன்னு வருது. யாத்திராகமம் 12ல, எகிப்துல இருந்து விடுதலையானத நினைக்குற பஸ்கா பண்டிகைக்கும் அதே மாதிரிதான், பிள்ளைங்க இந்த ஆராதனையோட கருத்து என்னன்னு கேட்டா சொல்லுங்கன்னு. ரெண்டு இடத்துலயும் பிள்ளை முதல்ல கேக்குது. பெரியவங்க பண்ண வேண்டியது பிள்ளை கேக்குற மாதிரி ஏதாவது ஒண்ண விடாம செஞ்சுக்கிட்டே இருக்குறது.

எங்கம்மா அப்படித்தான். எங்க வீட்ல அரிசி டிரம் பக்கத்துல ஒரு பழைய பால்பவுடர் டின் இருக்கும், மூடி துருப்பிடிச்சு திறக்கும்போது கிரீச்னு ஒரு சத்தம். உலைக்கு அரிசி அளக்குறதுக்கு முன்னாடி ஒரு பிடி எடுத்து அதுல போடுவாங்க, அளந்தபிறகு இல்ல, முன்னாடி. நம்ம தெக்குச் சீமை சபைக்காரங்களுக்கு தெரியும், கைப்பிடி அரிசி, மாசக் கடைசில சபைக்குப் போகும். மிசோரம்ல பிரெஸ்பிடீரியன் சபைப் பெண்கள் 1910ல இதே மாதிரி ஆரம்பிச்சாங்க, அவங்க பாஷைல புஹ்ஃபாய் தாம்னு பேரு, இன்னைக்கும் அங்க ஊழியத்துக்கு பெரிய வரவு இந்தப் பிடி அரிசில இருந்துதான் போகுது. அதெல்லாம் நான் பின்னால தெரிஞ்சுக்கிட்டது. சின்னப்புள்ளைல எனக்கு அந்த கிரீச் சத்தம் மட்டுந்தான். ஒரு தடவ அப்பாவுக்கு சம்பளம் ரெண்டு மாசமா வராத நேரம், டிரம்ல கைய விட்டா அடி தட்டும், அன்னைக்கும் கிரீச்னு சத்தம் கேட்டுச்சு. எனக்கு ஏழு வயசு, கோபம் வந்துருச்சு, நமக்கே இல்ல ஏம்மா அதுல போடுறன்னு கேட்டேன். அம்மா டின்ன மூடிட்டு "இது நம்ம அரிசி இல்லடி"ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க, வசனம் சொல்லல, கடைசிப் பிடி மாவுலயும் எலியாவுக்கு அடை சுட்டுக் குடுத்த சாறிபாத் விதவை கதைகூட சொல்லல, உலை வைக்கப் போயிட்டாங்க. இப்ப எனக்கு 58 வயசு, எத்தனையோ கன்வென்ஷன்ல காணிக்கையப் பத்தி எத்தனையோ செய்தி கேட்டிருக்கேன், ஒண்ணும் நிக்கல, இது நிக்குது.

உங்க வீட்லயும் அப்படி ஒண்ணு ஏற்கனவே இருக்கும், உங்களுக்கே தெரியாம. ஆபீஸ் போற அவசரத்துல வாட்ச்மேன் தாத்தாவுக்கு டீ குடுக்குறதா இருக்கலாம், அத்தைக்கு முழங்கால்ல தைலம் தேய்க்குறதா இருக்கலாம். அத விட்டுறாதீங்க. பையன் கேக்குற அன்னைக்கு ஒரு வரில சொல்லுங்க.

இப்ப அந்த தனிஜெபம், தூக்கம் விஷயம். நீங்க எத்தனை மணி நேரம் தூங்குறீங்கன்னு எழுதல, ஆனா காலைல எந்திரிச்சு ரெண்டு டிபன், மூணு டப்பா, பஸ், ஆபீஸ், வந்து ஹோம்வொர்க், அத்தைக்கு மாத்திரை, ஷிப்ட் முடிஞ்சு வர்ற மனுஷனுக்கு சாப்பாடுன்னு நானே கணக்குப் போட்டேன், அஞ்சு மணி நேரத்துக்கு மேல இருக்காது. எலியா தீர்க்கதரிசி கதைல 1 இராஜாக்கள் 19 வாசிங்க. சூரைச்செடிக்குக் கீழ படுத்து "போதும் கர்த்தாவே"ன்னவர்கிட்ட தேவதூதன் ஏன் ஜெபிக்கலன்னு கேக்கல. தட்டி எழுப்புனாரு, தலைமாட்டுல தழல்ல சுட்ட அடையும் ஒரு பாத்திரத்துல தண்ணியும் இருந்துச்சு, சாப்ட்டுட்டு மறுபடி படுத்துட்டாரு, அதுக்கும் ஒண்ணும் சொல்லல, ரெண்டாந்தடவையும் தட்டி எழுப்பி சாப்பிடச் சொன்னாரு. ஓரேப் மலைல கர்த்தரோட மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் அதுக்கப்புறம், நாப்பது நாள் நடந்தபிறகு. ஏசாயா 40:11ல "கறவலாடுகளை மெதுவாய் நடத்துவார்"னு ஒரு வார்த்தை இருக்கு, பால் குடுக்குற ஆட்ட மந்தையோட வேகத்துக்கு ஓட்ட மாட்டாராம். நீங்க உங்க இருபத்திரண்டு வயசு வேகத்துக்கு உங்கள ஓட்டிக்கிட்டு இருக்கீங்க.

இன்னொண்ணு, இத ஆலோசகரா சொல்றேன். வெறும் அசதி இல்லாம, ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயும் மனசு ஒட்டாம, காரணமில்லாம அழுகை வந்து, பாட்டு சினிமா சாப்பாடு எதுவுமே ருசிக்கலன்னா அது ஆவிக்குரிய வறட்சின்னு நீங்களே முடிவு கட்டாதீங்க, ஒரு டாக்டரப் பாருங்க, ரத்தம் குறைஞ்சிருக்கான்னு பாருங்க, தைராய்டு பாருங்க, மனநல டாக்டர்கிட்ட போகச் சொன்னா போங்க. உபவாசம் போட்டு சரிபண்ணப் பாத்து இன்னும் துவண்டுபோய் என்கிட்ட வந்த தங்கச்சிமாருங்க நிறைய பேர்.

ஒரு மணி நேரம் கிடைக்காது, இப்ப கிடைக்காது, அத ஒத்துக்கோங்க. அதுக்குப் பதிலா ராத்திரி படுத்தபிறகு அஞ்சு நிமிஷம். இது நான் கண்டுபிடிச்சது இல்ல, உங்க ஊர் கடக்கரைக்கு 1542ல வந்தாரே பிரான்சிஸ் சவேரியார், அவரோட தலைவர், இயேசு சபைய ஆரம்பிச்ச இஞ்ஞாசியார் தன் ஆட்களுக்குப் பழக்குனது, அன்னைக்கு நடந்தத தேவனுக்கு முன்னாடி ஒருதடவ திரும்பிப் பாக்குறது. நாம சிஎஸ்ஐகாரங்க எடுத்துக்கிட்டா ஒண்ணும் குறைஞ்சுபோயிட மாட்டோம். இன்னைக்கு எதுக்கு நன்றி, எங்க மனசு குத்துது, ரெண்டே கேள்வி. பாடம் தேடாதீங்க. பாதில தூங்கிட்டா தூங்கிடுங்க.

குத்துறது பெரும்பாலும் யார்கிட்டயாவது சாரி சொல்ல வேண்டிய இடமாத்தான் இருக்கும், என் அனுபவத்துல. மறுநாள் சொல்லிடுங்க. பையன்கிட்ட முதல்ல, "நீ சொன்னது சரிடா, அம்மா கோபத்துல இருந்தேன், சாமி பேரச் சொல்லித் திட்டிட்டேன்"னு. பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேட்டா மரியாதை போயிடும்னு நம்ம வீடுகள்ல ஒரு பயம் உண்டு, இந்த இருபது வருஷத்துல அப்படிப் போன வீட்ட நான் பாக்கல.

குடும்ப ஜெபம் சண்டைல முடியுதுன்னா, மணி என்ன அப்ப? எட்டரை ஒன்பதுன்னா பாப்பா தூக்கக் கலக்கத்துல இருப்பா, பையனுக்கு ஹோம்வொர்க் பாக்கி இருக்கும், உங்களுக்கு பாத்திரம் கிடக்கும். சாப்பாடு முடிஞ்ச கையோட, தட்டுகூட எடுக்காம, அங்கேயே வச்சுடுங்க. பாப்பா கேக்குற பாட்டு, ஒரே பாட்ட முப்பது நாள் கேட்டாலும் சரி, நாலஞ்சு வசனம், ஆளுக்கு ஒரு வரி ஜெபம், முடிஞ்சுது. அத்தை ஜெபம் நீளம்னு நீங்க எழுதல, ஆனா எந்த வீட்ல அத்தை ஜெபம் குட்டையா இருந்துருக்கு! அவங்களுக்கு இந்த மாத்தத்த நீங்க சொல்லாதீங்க, உங்க வீட்டுக்காரர விட்டு சொல்லச் சொல்லுங்க, கடைசில ஆசீர்வாதம் கூறுறத அத்தைகிட்ட குடுத்துடுங்க, அது அவங்களுக்குப் பிடிக்கும்.

மெதடிஸ்ட் இயக்கத்த ஆரம்பிச்ச ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லியோட அம்மா சூசன்னா வெஸ்லிய பெண்கள் கூட்டத்துல நீங்க கட்டாயம் கேட்டிருப்பீங்க, பத்தொன்பது பிள்ளை பெத்தும் ஏப்ரனத் தலைமேல போட்டுக்கிட்டு ஜெபிச்சாங்கன்னு சொல்லிச் சொல்லி நம்மள குத்தவாளிக் கூண்டுல நிறுத்துவாங்க. அந்தப் பத்தொன்பதுல பத்துதான் பிழைச்சு வளந்துச்சுங்கிறத மட்டும் மெதுவா சொல்லிட்டுப் போயிடுவாங்க, ஒன்பது குழந்தைய அடக்கம் பண்ண அம்மா அவங்க. எனக்கு அவங்ககிட்ட பிடிச்சது ஏப்ரன் இல்ல. 1712ல எழுதுன ஒரு கடிதத்துல அவங்க சொல்றாங்க, வாரத்துல ஒவ்வொரு ராத்திரியும் ஒரு பிள்ளைகூட தனியா உக்காந்து பேசுவாங்களாம், ஜானுக்கு வியாழக்கிழமை. அந்தப் பையன் பெரியவனாகி ஆக்ஸ்போர்டுல இருக்கும்போது, அந்த வியாழக்கிழமை சாயங்காலத்துல கொஞ்சம் இப்பவும் எனக்குக் கிடைச்சா நல்லா இருக்கும்னு அம்மாவுக்கு எழுதுறாரு. என்ன பாடம் நடத்துனாங்கன்னு கேட்டு எழுதல, அந்த நேரத்தத்தான் கேட்டு எழுதுறாரு.

உங்க பையனுக்கு ஒரு கிழமை குடுங்க. வீட்டுக்காரர் ஷிப்ட் பாத்து அவர் வீட்ல இருக்கிற சாயங்காலமா எடுங்க, பாப்பா அவர்கிட்ட அழட்டும், கொஞ்ச நேரம் அழுதா ஒண்ணும் ஆகாது. பையனக் கூட்டிக்கிட்டு தெருமுனை வரைக்கும் நடந்து போங்க, நீங்க பேசாதீங்க, அவன் கிரிக்கெட் பேசுனா கிரிக்கெட் கேளுங்க. வரும்போது பால் வாங்கிட்டு வாங்க, காய்ச்சும்போது ரெண்டு பேரும் பக்கத்துல நில்லுங்க.